உளியிலிருந்து வைர பிளேடு வரை: ஒரு தூசியின் கதை

செமஸ்டர் தேர்வு முடிந்து பதினைந்து நாள் வீட்டில்தான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் சமையலறை மேடையை இடித்துவிட்டு கிரானைட் போட்டார்கள். போட்டவர் வேறு யாருமில்லை, என் தாய்மாமாதான். இருபது வருடமாக அரக்கோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் டைல்ஸ், கிரானைட் வேலை செய்கிறார்.

முதல் நாள் கொல்லைப்புறத்தில் கல்லை அறுத்து முடித்துவிட்டு அவர் உள்ளே வந்த கோலத்தைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டார். தலைமுடி, புருவம், மீசை, சட்டை எல்லாம் வெள்ளை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுப்பவர்கள் உடம்பெல்லாம் விபூதி பூசிக்கொண்டு போவார்களே, அப்படி. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. நானும் சிரித்தேன். ராத்திரி சாப்பிடும்போது அவருக்கு இருமல் வந்தது. நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் மாமாவோடு ஒன்றாகத் தொழில் கற்றுக்கொண்ட ஒருவரின் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வருடக்கணக்கில் இருமல். ஒரு ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. மறுபடியும் மாத்திரை. கடைசியில் வேறொரு ஊரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டாராம். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நோயின் பெயர் சிலிகோசிஸ். கல் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கி, அந்த இடமெல்லாம் தழும்பாகிக் கெட்டியாகிவிடும். ஒருமுறை வந்தால் குணமாக்க மருந்து கிடையாது. டிபியும் இவர்களை எளிதில் பிடித்துக்கொள்ளும் என்பதால் குழப்பம் இன்னும் அதிகம்.

பி.காம் படிப்பவனுக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். ஒன்றும் தெரியாது. தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு சங்கதி என்னை விடவே இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கல் வேலை புதிதில்லை. அரக்கோணத்திலிருந்து சோளிங்கர் பக்கம் போனால் மகேந்திரவாடி என்று ஒரு ஊர். அங்கே தனியாகக் கிடந்த ஒரே ஒரு பெரிய பாறையைக் குடைந்து, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் திருமாலுக்குக் கோயில் எடுத்தான். மகேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர். ஊரையும் ஏரியையும் கூடத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டதை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. (ராஜாவுக்குத் தன் பெயர்மேல் கொஞ்சம் ஆசை அதிகம்தான்.) விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் இதே மன்னன், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் கட்டியதாகப் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான்.

உலோகம் இல்லாமல் என்பது கட்டடத்துக்குத்தான். குடைந்த உளி இரும்பு. அந்தக் காலத்துக் கல்வேலை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கிப் பிளப்பது. மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட பாறைகளில் அந்தக் குழி வரிசைகளை இன்றும் பார்க்கலாம். இன்னொன்று, உளி வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பெயர்ப்பது. இரண்டிலும் கல் துண்டாகவும் சில்லாகவும்தான் வரும். "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல் கொத்தறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வருவாரே, அவர் கொத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சில்லு முகத்தில் வந்து தெறிக்கும். கண்ணுக்குத் தெரியும் சில்லு நுரையீரல் வரை போகாது. அதற்காக உளி வேலையில் தூசியே இல்லை என்று சொல்லவில்லை. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் கல்தச்சர்களின் இருமலும் மூச்சிரைப்பும் இருக்கின்றன. அவருக்கும் முன்னால், 1556இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்கப் புத்தகத்தில், கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண்கள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. ஏழு!

அந்த ராமஸ்ஸினி மருத்துவர்களுக்குச் சொன்ன யோசனை ஒன்று உண்டு. நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேள் என்றார். முந்நூறு வருடம் ஆகிவிட்டது. மாமாவின் நண்பருக்கு அந்தக் கேள்வி வந்து சேர இவ்வளவு நாள்.

இனி வைரத்துக்கு வருவோம்.

1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும் வரை உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் நாடுதான். கிருஷ்ணா நதிக் கரையில் இருந்த கொல்லூர் சுரங்கம் அதில் பெயர் பெற்றது. மோதிரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரோமாபுரியின் பிளினி, வைரச் சில்லுகளை இரும்பில் பதித்து எவ்வளவு கடினமான கல்லையும் குடைவார்கள் என்று முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த கல்மணிகளின் துளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் வைர முனை போட்ட துளையின் தடத்தைக் கண்டார்கள். குஜராத்தின் காம்பத்தில் அகேட் மணிகளுக்கு இரண்டு வைரத் துணுக்கு பதித்த முனையால் துளை போடும் முறை நம் காலம் வரை வந்திருக்கிறது. அதே காம்பத்தில் மணிகளைத் தேய்த்து வடிவம் கொடுப்பவர்களிடம் சிலிகோசிஸும் பரவலாக இருக்கிறது. வைரமும் தூசியும் ஒரே ஊரில் குடியிருக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் இதை எந்திரத்தில் மாட்டினார்கள். 1860களில் லெஸ்கோ என்ற சுவிஸ்காரர் பாறை துளைக்கும் எந்திரத்தில் பிரேசிலின் கறுப்பு வைரத்தைப் பதித்தார். 1885 வாக்கில் பிரான்சில் வைரம் பதித்த வட்டவாள் வந்துவிட்டது. ஆனால் இயற்கை வைரம் விலை அதிகம். குவாரி முதலாளிக்குத்தான் கட்டுபடியாகும், கொத்தனாருக்குக் கட்டுபடியாகாது.

இதற்கிடையே இன்னொரு எந்திரம் வந்தது. அழுத்தக் காற்றால் ஓடும் துளைப்பானும் உளியும். கையால் அடிப்பதைவிடப் பல மடங்கு வேகமான அடி. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தின் பாரே என்ற ஊர் கிரானைட்டுக்குப் பெயர் போனது. இந்தக் காற்று உளி வந்தபின் அங்கே கல்வெட்டும் கொட்டகைகளில் தூசி நிரம்பியது. திறமையான கல்தச்சர்கள் நடு வயதிலேயே சிலிகோசிஸும் டிபியும் வந்து இறந்தார்கள். பாறை துளைத்து எடுக்கும் சுரங்கங்களிலும் இதே நிலைமைதான். உலர்ந்தபடி ஓட்டும் துளை எந்திரத்துக்கு அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வைத்த பட்டப்பெயர் 'விதவையாக்கி'.

நம்மவர்கள் கதையும் இதில் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் பாதையில் அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை தாண்டினால் பங்காருப்பேட்டை. அங்கிருந்து பிரியும் கிளைப்பாதைதான் கோலார் தங்கவயலுக்குப் போவது. அங்கே பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும் பங்கு பழைய வட ஆற்காடு மாவட்டத்துத் தமிழர்கள். அரக்கோணமும் அந்த மாவட்டம்தான். தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். குவார்ட்ஸ் என்றாலே சிலிக்கா. இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் மருத்துவப் பதிவில் ஏறியது 1930களில், கோலாரில்தான். 1940இல் மைசூர் சமஸ்தானம் இந்த நோய்க்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் இருந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.

என்னை விடவே இல்லை என்று சொன்னேனே, அந்தச் சங்கதி இதுதான். இதற்கு மாற்று என்ன என்பது அப்போதே தெரியும்! தண்ணீர். 1890களில் ஜார்ஜ் லேனர் என்ற அமெரிக்கர் துளைக்கம்பியை உள்ளே குழாய் போலாக்கி, அதன் வழியே தண்ணீர் விட்டார். தூசி பிறக்கிற இடத்திலேயே சேறாகிவிடும். காற்றில் ஏறாது. பாரேயில் 1930களின் கடைசியில் ஒவ்வொரு கருவிக்குப் பக்கத்திலும் தூசியை உறிஞ்சும் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் சிலிகோசிஸ் ஏறக்குறைய இல்லாமலே போனது. அதே கல், அதே ஊர், அதே தொழில்.

அப்புறம் 1954. இந்த வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேஸி ஹால் செயற்கை வைரம் செய்தார். (ஸ்வீடனில் ஒரு குழு 1953லேயே செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தது. பாவம்.) அதே 1954இல்தான் ஜெர்மனியின் பிளெக்ஸ் நிறுவனம் வேகமாகச் சுற்றும் ஆங்கிள் கிரைண்டரை விற்பனைக்கு விட்டது. ஒருவருக்கு ஒருவர் சம்பந்தமே இல்லை. ஆனால் மணலைவிடப் பொடியான செயற்கை வைரத்தை உலோகத் தூளோடு சேர்த்துச் சுட்டு, ஒரு இரும்புத் தட்டின் விளிம்பில் பதித்து, அதைக் கை மெஷினில் மாட்டினால் என்ன ஆகும்? அரசர்களின் ரத்தினம் கொத்தனார் பைக்குள் வந்துவிடும். வந்துவிட்டது. மாமாவின் பையில் மூன்று கிடக்கிறது.

இந்த பிளேடு எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அது வெட்டுவதே இல்லை. மரவாளுக்கு இருப்பதுபோல் பல் கிடையாது. விளிம்பில் உள்ள வைரப் பரல்கள் கல்லைத் தேய்க்கின்றன. தேயத் தேயப் பரல் மழுங்கி உதிரும், அதைப் பிடித்திருக்கும் உலோகமும் தேய்ந்து அடுத்த பரல் வெளியே வரும். அதனால்தான் கடினமான கிரானைட்டுக்கு மெதுவான உலோகம் போட்ட பிளேடும், அரிக்கும் தன்மையுள்ள செங்கல், கான்கிரீட்டுக்கு உறுதியான உலோகம் போட்ட பிளேடும் வைக்க வேண்டும். கிரானைட்டுக்கு உறுதியான உலோகம் போட்டதை மாட்டினால் பிளேடு வழவழப்பாகிவிடும். வெட்டவில்லையே என்று ஆள் அழுத்துவார், அழுத்தினால் சூடேறும், பிளேடு வளையும், விளிம்புத் துண்டு பிய்ந்து பறக்கும். வழவழப்பானால் அழுத்தக் கூடாது. ஒரு சாதா செங்கல்லில் நாலு தடவை ஓட்டினால் புதுப் பரல் வெளியே வந்துவிடும். மாமாவுக்கு இது முன்பே தெரியும். காரணம்தான் தெரியாது.

உளி கல்லைச் சில்லாகப் பெயர்த்தது. பிளேடு போகும் வழியில் உள்ள கல் மொத்தமும் மாவாகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (வணிகவியல் மாணவன் வேறென்ன செய்வான்). 18 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட், 2 மில்லிமீட்டர் அகலமான பிளேடு. ஒரு அடி நீளம் அறுத்தால் கிட்டத்தட்ட 29 கிராம் கல் மாவாகிறது. கிரானைட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிலிக்கா. ஆக ஒன்பது கிராம். இதில் நுரையீரலின் அடிவரை போகும் அளவுக்கு நுண்ணியது ஒரு சிறு பங்குதான். ஆனால் அமெரிக்கா 2016இல் வகுத்த விதிப்படி ஒரு கன மீட்டர் காற்றில், எட்டு மணி நேரச் சராசரியாக, 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தமே 1.4 மில்லிகிராம். இரண்டு மூன்று சர்க்கரைப் பரலின் எடை! ஒரு அடி அறுப்பதில் வரும் ஒன்பது கிராமை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைத் தூள் கீழே உட்கார்ந்துவிடும். தெரியாததுதான் மணிக்கணக்கில் மிதக்கும். மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. கொரோனாவில் எல்லோரும் போட்டோமே, என்-95, அதுவாவது முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். அதுவும் தண்ணீருக்குத் துணைதான், தண்ணீருக்குப் பதில் இல்லை.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 110 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 13,000 சுற்று சுற்றினால் விளிம்பின் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர். எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் பறக்கும் எந்த எக்ஸ்பிரஸும் பக்கத்தில் வர முடியாது. அதனால்தான் பிளேடில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுற்று, மெஷினின் சுற்றைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. அம்புக்குறி பார்த்து மாட்ட வேண்டும். பிளேடைக் கல்லுக்குள் வளைத்துத் திருப்பக் கூடாது. கோடு தவறினால் வெளியே எடுத்து மறுபடி வைக்க வேண்டும். பிளேடு சிக்கினால் மெஷின் உதைக்கும், ஆகவே அதன் நேர்க்கோட்டில் முகத்தையோ காலையோ வைக்காமல் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் துண்டு வேண்டவே வேண்டாம். இடத்துக்கு இடைஞ்சல் என்று மேல்மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்பவர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கிறேன். பார்க்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மாமாவிடம் போனேன். தண்ணீர் விட்டு அறுங்கள் என்றேன்.

"மாப்ள, தண்ணி ஊத்தி அறுத்தா அந்த சேத்தை எவன் கழுவுவான்? எனக்கு அடிக் கணக்குல கூலி. கையாளுக்கு நான் குடுக்கணும்."

என்னிடம் பதில் இல்லை. நாங்கள் வகுப்பில் அடக்கவிலைக் கணக்கு படிக்கிறோம். கல் விலை, கூலி, போக்குவரத்து, பிளேடு தேய்மானம் எல்லாம் எழுதலாம். நுரையீரல் தேய்மானத்துக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. உலர்ந்து அறுப்பது மலிவாகத் தெரிவதற்குக் காரணமே அந்தச் செலவை வேறொருவர், இருபது வருடம் கழித்து, தன் வீட்டில் கட்டுகிறார் என்பதுதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணையில் வைத்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் தொழிற்சாலை இல்லையே. ராஜஸ்தான் 2019இல் இந்த நோய்க்கென ஒரு கொள்கை வகுத்து, குவாரி, கல்தச்சுத் தொழிலாளர்களுக்கு நிவாரணத் தொகை கொடுக்கிறது. நோய் வந்த பிறகு கொடுப்பது.

கடைகளில் இப்போது 'குவார்ட்ஸ்' என்று ஒரு செயற்கைக் கல் பளபளப்பாக விற்கிறார்கள். பல வகைகளில் சிலிக்கா நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். இதை அறுத்த இளைஞர்களுக்குச் சில வருடங்களிலேயே நோய் வந்ததைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. அம்மாவுக்கு முதலில் அந்தக் கல்தான் பிடித்திருந்தது. விலையைக் கேட்டு விட்டுவிட்டார். நல்லவேளை.

இரண்டாம் நாள் மாமாவின் பையைக் குடைந்ததில், மெஷினோடு வந்த தண்ணீர்க் குழாய் முனை கிடைத்தது. ஒழுகுகிறது என்று வாங்கிய வாரமே கழற்றிப் போட்டிருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றும் டியூப் ஒன்றை மெடிக்கலில் வாங்கி, தண்ணீர் பாட்டிலைக் கொய்யா மரத்தில் கட்டித் தொங்கவிட்டு இணைத்தோம். ஜங்ஷன் பாக்ஸைத் தரையிலிருந்து எடுத்து நாற்காலிமேல் வைத்தேன். ஈரத்தில் கரன்ட் விளையாடக் கூடாதே. எங்கள் வீட்டு மெயினில் ஷாக் அடித்தால் கட் ஆகும் ஈஎல்சிபி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அது இல்லாத இடத்தில் ஈர வேலைக்கு இறங்கக் கூடாது.

அன்றைக்கு மாமா வெள்ளையாகவில்லை. முழங்கால் வரை சாம்பல் நிறச் சேறு, அவ்வளவுதான். சேற்றைக் கழுவியது நான். முக்கால் மணி நேரம் ஆனது. காயவிட்டால் அதுவும் தூசிதான் என்பதால் ஈரமாக இருக்கும்போதே வழித்து மூட்டை கட்டினேன்.

போன வாரம் போனில் பேசினேன். இப்போது நெமிலிப் பக்கம் ஒரு வீட்டில் வேலை. பெயின்ட் அடித்து முடித்த வீடாம், உள்ளே தண்ணீர் விடவே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். டியூபை என்ன செய்தீர்கள் என்றேன். கல்லைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய், வேப்பமரத்தில் பாட்டிலைக் கட்டி அறுக்கிறாராம். ஒவ்வொரு கல்லுக்கும் மாடிப்படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, கையாள் முணுமுணுக்கிறான் என்றார். அடிக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.